'சும்மா விளையாட்டுக்குத்தான் சார்!' - கலாய்ப்பது எப்போது 'புல்லியிங்' ஆகிறது?

செஞ்சி பேருந்து நிலையம். பள்ளி நாள், காலை எட்டரை மணி. ஆலம்பூண்டி, சத்தியமங்கலம், நாட்டார்மங்கலம், அனந்தபுரம் எனச் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து வரும் பேருந்துகளில் படிக்கட்டு வரை யூனிஃபார்ம்தான். அந்தக் கூட்டத்துக்குள் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தெரியாத ஓர் உலகம் இருக்கிறது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யாருடைய பையை யார் சுமக்க வேண்டும், யாரை எந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடலாம்... எல்லாவற்றுக்கும் அங்கே எழுதப்படாத சட்டம் உண்டு. இது செஞ்சிக்கு மட்டும் உரியது அல்ல. பள்ளிக்கூடம் இருக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் தேர்வான 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஊரே கொண்டாடிய செய்தி. அதே யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட இன்னொரு அறிக்கை அந்த அளவுக்கு யார் காதிலும் விழவில்லை. 'முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையாவது சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டேன்' என்று உலக அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் (32%) சொல்லியிருக்கிறார் என்கிறது அந்த அறிக்கை.

மூன்றில் ஒருவர் என்றால், 45 பேர் இருக்கும் வகுப்பில் 15 பேர். ஆனால், டீச்சரிடம் கேட்டால், "அப்படியெல்லாம் எங்க கிளாஸ்ல இல்லைங்க, பசங்க சும்மா விளையாடுவாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். பல நேரம் அது பொய்யும் அல்ல; அவர்கள் கண்ணில் படுவது அவ்வளவுதான். அப்படியென்றால் விளையாட்டு எங்கே முடிகிறது? புல்லியிங் எங்கே தொடங்குகிறது?

எது புல்லியிங்?

இந்தக் கேள்விக்கு முதலில் தெளிவான அளவுகோல் தந்தவர் டான் ஓல்வேயஸ். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர். 1970-களில் இருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு இடையிலான துன்புறுத்தலை ஆராய்ந்தவர். அவர் சொன்னது மூன்று விஷயங்கள்.

- நோக்கம்: தெரியாமல் நடந்தது அல்ல, காயப்படுத்த வேண்டும் என்றே செய்வது.
- தொடர்ச்சி: ஒரு நாளோடு முடியாது, திரும்பத் திரும்ப நடக்கும்.
- பலத்தில் ஏற்றத்தாழ்வு: பாதிக்கப்படுகிற பிள்ளையால் எதிர்த்து நிற்க முடியாத நிலை.

மூன்றாவதுதான் முக்கியமானது. சம பலம் உள்ள இரண்டு பையன்கள் கிரிக்கெட்டில் அவுட்டா, நாட்-அவுட்டா என்று அடித்துக்கொண்டால் அது சண்டை. மறுநாள் சேர்ந்தே விளையாடுவார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒருவனை மட்டும் எப்போதும் பந்து பொறுக்க வைத்து, மறுத்தால் மிரட்டினால், அது புல்லியிங்.

பலம் என்பது உடம்பில் மட்டும் இருப்பது இல்லை. நம் ஊரில் சாதி ஒரு பலம். உள்ளூர்க்காரன் என்பது பலம். அப்பாவின் வேலை, தோலின் நிறம், திக்காமல் பேசுவது, இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனில் இருப்பது, கையில் மொபைல் இருப்பது... எல்லாமே பலம்தான். இவற்றில் ஏதோ ஒன்று இல்லாத பிள்ளை குறியாகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கலாய்க்கும்போது இருவரும் சிரிக்கிறார்களா? 'போதும்' என்று சொன்னால் நிற்கிறதா? நாளைக்கு இவன் அவனைத் திருப்பிக் கலாய்க்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நட்பு. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தமிழில் இதற்குப் பெயர் என்ன?

கேலி, கிண்டல், சீண்டல், வம்பிழுப்பது, ஓட்டுவது, கலாய்ப்பது... சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கவனித்துப் பாருங்கள். எல்லாமே பாதி சிரிப்பில் இருக்கும் சொற்கள். செய்கிறவரின் பக்கத்தில் நின்று வைக்கப்பட்ட பெயர்கள். இலங்கைத் தமிழில் ராகிங்குக்கு 'பகிடிவதை' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. பகிடி என்றால் கேலி. வதை என்றால் சித்திரவதை. சிரிப்பும் வலியும் ஒரே சொல்லில் இருக்கின்றன. செய்கிறவருக்கு எது பகிடியோ, அது அனுபவிக்கிறவருக்கு வதை.

நம்மிடம் அப்படி ஒரு சொல் பரவலாகவில்லை. அதனால்தான், 'என்னை ஓட்டுறாங்கம்மா' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'அதுக்கு ஏன்டா அழற?' என்று முடித்துவிடுகிறோம். நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிரிக்கவைக்கும் காமெடி டிராக்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பட்டப்பெயர் ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை.

நாங்குநேரி நமக்குச் சொன்னது என்ன?

பள்ளியில் நடக்கும் சீண்டல் எதுவரை போகும் என்பதைத் தமிழ்நாடு 2023-ல் பார்த்தது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியலின மாணவர் ஒருவர் வள்ளியூரில் பிளஸ் 2 படித்து வந்தார். உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அவரைத் தொடர்ந்து துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் அவர் செய்தது ஒன்றுதான்: பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் பள்ளிக்குப் போனது.

ஆகஸ்ட் 9-ம் தேதி இரவு, அரிவாளோடு ஒரு கும்பல் அவரது வீட்டுக்குள் புகுந்து வெட்டியது. தடுக்கக் குறுக்கே வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்களும் சிறார்களும்.

நீண்ட சிகிச்சைக்குப் பிறகு, சொல்பவர் எழுத்தரின் உதவியோடு தேர்வெழுதிய அந்த மாணவர் 2024 மே மாதம் வந்த பிளஸ் 2 முடிவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அந்த மன உறுதியைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால், ஒரு பிள்ளை நிம்மதியாகப் பள்ளிக்குப் போய்வர இவ்வளவு மன உறுதி தேவைப்படக் கூடாது.

இந்தச் சம்பவத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, லீவு ஒரு செய்தி. காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது சோம்பல் இல்லை. பல நேரம் அதுதான் அந்தப் பிள்ளை கொடுக்கும் முதல் புகார்.

இரண்டு, புகார் கொடுத்ததோடு ஆபத்து முடிவதில்லை. சில நேரம் அங்கேதான் தொடங்குகிறது. 'என்னையே போட்டுக் கொடுத்துட்டியா' என்ற கோபம் உடனே திரும்பி வரும். ஆகவே, புகார் வந்த நாளில் பள்ளி கேட்க வேண்டிய முதல் கேள்வி 'யார் செய்தது?' என்பது இல்லை. 'இந்தப் பிள்ளை இன்றைக்குச் சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போகும்?' என்பதுதான்.

சந்துரு கமிட்டி என்ன சொன்னது?

நாங்குநேரிக்குப் பிறகு, கல்வி நிலையங்களில் சாதி உணர்வைத் தவிர்க்க வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18-ம் தேதி அவர் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தார். பரபரப்பாகப் பேசப்பட்டது கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி பற்றிய பரிந்துரைதான். ஆனால், புல்லியிங் என்ற கோணத்தில் பார்த்தால் வேறு சில பரிந்துரைகள் இன்னும் முக்கியம்.

- மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். யார் யார் பக்கத்தில் என்பதைச் சாதியோ கும்பலோ முடிவு செய்யக் கூடாது.
- வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது.
- சாதி அடையாளத்தைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது.
- 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 'பள்ளி நல அலுவலர்' ஒருவரை நியமிக்க வேண்டும். ராகிங், போதைப்பொருள், சாதிப் பாகுபாடு போன்றவற்றைக் கவனிப்பது அவர் வேலை.

கைக்கயிறு விவகாரம் 2024-ல் புதிதாக முளைத்தது இல்லை. வண்ணக் கயிறுகள் சாதி அடையாளமாகப் பயன்படுவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை 2019-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதைய அரசு பின்வாங்கியது. அடையாளம் தெரிந்தால்தான் யார் 'நம்ம ஆளு', யார் 'வேற ஆளு' என்று பிரிக்க முடியும். கும்பல் சேரும் முதல் படி அதுதான்.

கயிறே இல்லாவிட்டாலும் சிறு ஊர்களில் ஒரு கேள்வி போதும். "நீ எந்த ஊரு?" என்பார்கள். அடுத்து, "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். ஊரா, காலனியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மாநகரத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை ஸ்கூல் மாறித் தப்பிக்கலாம். தாலுகா ஊரில் அதே பசங்கதான் பேருந்திலும், டியூஷனிலும், திருவிழாவிலும். ஸ்கூல் மாறினாலும் ஊர் மாற முடியாது.

பெண் பிள்ளைகள், மொபைல்: சத்தமில்லாத வகை

அடி, உதை மட்டும் கணக்கில் வந்தால் பாதிப் புல்லியிங் கணக்கிலேயே வராது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் மற்ற ஐந்து பேரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நகர்வது. ஒருத்தியோடு 'யாரும் பேசக் கூடாது' என்று முடிவெடுப்பது. ஒரு பையன் பெயரோடு சேர்த்து வதந்தி கிளப்புவது. இதில் காயம் தெரியாது, சாட்சி இருக்காது. 'அவளோட பேசியே ஆகணும்னு என்ன சட்டமா?' என்று கேட்டால் பதில் சொல்லவும் முடியாது.

இப்போது இதற்கு மொபைலும் வந்துவிட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிள்ளையின் முகத்தை ஸ்டிக்கராக்கிப் போடுவார்கள். அவனை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குரூப் தொடங்குவார்கள். இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு. முன்பெல்லாம் வீட்டு வாசலை மிதித்தால் அன்றைய தொல்லை முடிந்தது. இப்போது தலையணைக்கு அடியிலும் அது வெளிச்சம் போடுகிறது.

சுற்றி நிற்பவர்கள் கையில்தான் சாவி

ஒருவன் செய்கிறான், ஒருவன் அனுபவிக்கிறான் என்றுதான் நாம் நினைக்கிறோம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி 1990-களில் வேறொரு கோணத்தில் பார்த்தார். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது என்றார் அவர். தொடங்குகிறவன், கூட நின்று கையைப் பிடிக்கிறவன், சிரித்து உற்சாகப்படுத்துகிறவன், எதுவும் தெரியாதது போல ஒதுங்குகிறவன், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிறவன்.

இதில் சிரிக்கிறவன்தான் எரிபொருள். யாருமே சிரிக்காவிட்டால் கலாய்க்கிறவனுக்கு அதில் என்ன லாபம்? அவனுக்கு வேண்டியது அந்தஸ்து. அதைக் கொடுப்பது ஆடியன்ஸ். இந்தக் கருத்தின் மேல் கட்டப்பட்டதுதான் பின்லாந்தின் 'கிவா' திட்டம். 2009-ல் இருந்து அந்நாட்டின் பெரும்பாலான பள்ளிகளுக்குப் போனது. வேடிக்கை பார்ப்பவர்களைப் பாதுகாப்பவர்களாக மாற்றுவதே அதன் மையம்.

கனடாவில் விளையாட்டு மைதானங்களில் கேமரா, மைக் வைத்து நடத்தி, 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை உறுதிசெய்கிறது. சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது, 57% சம்பவங்களில் துன்புறுத்தல் 10 விநாடிக்குள் நின்றுபோனது. பெரிய வீரம் தேவையில்லை. "டேய் விடுடா, வா போலாம்" என்று பாதிக்கப்பட்டவனின் தோளில் கை போட்டு அழைத்துப் போனாலே போதும்.

'காலம் எல்லாத்தையும் ஆத்திடும்' - உண்மையா?

பிரிட்டனில் 1958-ம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அந்தத் தரவுகளை வைத்து லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி புல்லியிங்குக்கு ஆளானவர்களிடம், 50 வயதிலும் மன உளைச்சல் அதிகமாக இருந்தது. உறவுகளும் பொருளாதார நிலையும்கூடப் பாதிக்கப்பட்டிருந்தன.

அதாவது 40 வருடம் கழித்தும்! உங்கள் பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில், அந்தப் பழைய பட்டப்பெயரைச் சொன்னதும் சத்தமில்லாமல் வெளியேறிய ஒரு நண்பர் இருக்கலாம். இப்போது காரணம் புரியும்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

சொன்னால் இன்னும் மோசமாகும் என்ற பயம். 'நீ என்ன பண்ணே?' என்று முதலில் தன்னையே கேட்பார்கள் என்ற அனுபவம். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு: 'அப்படின்னா நீ ஸ்கூலுக்கே போக வேணாம்' என்று படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று. அந்தப் பயம் நியாயமானதும்கூட.

எனவே வாயால் சொல்லாததை வேறு வழியில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் வயிற்றுவலி. சாப்பாடு திரும்பி வருவது, அல்லது வீட்டுக்கு வந்ததும் அளவுக்கு மீறிய பசி. நோட்டு, பேனா, காசு அடிக்கடி 'தொலைவது'. வழக்கமான பேருந்தை விட்டு வேறு பேருந்தில் போவது. பள்ளி டாய்லெட்டுக்குப் போகாமல் நாள் முழுக்க அடக்குவது. நன்றாகப் படித்த பிள்ளையின் மார்க் திடீரென்று சரிவது.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் பலர் பெற்றோர் இல்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் மாமாவோ சித்தியோ அண்ணனோதான். அது ஒரு வசதி. அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாததை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது மாமாவிடம் சொல்லிவிடலாம்.

'யாராவது உன்னை புல்லி பண்றாங்களா?' என்று நேராகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். "உங்க கிளாஸ்ல எல்லாரும் யாரை அதிகமா ஓட்டுவாங்க?", "இன்டர்வெல்ல யார்கூட இருப்ப?", "பஸ்ல எங்க உட்காருவ?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்த பிறகு நான்கு விஷயங்கள்:

- முழுசா கேளுங்க. "திருப்பி அடிச்சிட்டு வா" என்பது அறிவுரை இல்லை. திருப்பி அடிக்க முடியாததால்தானே அந்தப் பிள்ளை உங்களிடம் வந்தது?
- "நீ சொன்னது நல்லது, தப்பு உன் மேல இல்லை" என்று சொல்லுங்கள். பிள்ளை அதுவரை யாரிடமும் கேட்டிராத வாக்கியமாக இருக்கலாம்.
- எழுதி வையுங்கள். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள். மொபைலில் நடந்தால் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட்.
- பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். நேராக எதிர்ப் பையனின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். பிள்ளைகள் பிரச்சினை இரண்டு தெருவின் பிரச்சினையாக மாற ஒரு மணி நேரம் போதும்.

பள்ளிகள் செய்யும் ஒரு பொதுவான தவறும் உண்டு. இருவரையும் கூப்பிட்டு, 'கை குடுத்து சமாதானமா போங்க' என்பது. சண்டைக்கு அது சரி. புல்லியிங்கில் ஒருவன் மட்டுமே பயத்தில் இருக்கிறான். அவனைச் சமமாக நிறுத்திக் கை கொடுக்க வைப்பது இன்னொரு அவமானம். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். பெயரை வெளியே விடக் கூடாது. கழிவறை, சைக்கிள் ஸ்டாண்ட், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் சில வாரங்களாவது ஆசிரியர் கண் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் மாணவரால் கொல்லப்பட்ட பிறகு, இந்தியாவிலேயே முதலாவதாக ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது தமிழ்நாடு. 1997-ல் வந்த அந்தச் சட்டத்தில், ஒரு மாணவருக்கு பயமோ அவமானமோ ஏற்படுத்தும் கேலியும் ராகிங்தான். 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமை தடுப்புச் சட்டம். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ. செய்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே நோக்கம் தண்டிப்பதைவிடத் திருத்துவது.

அதுதான் சரியும்கூட. புல்லி செய்கிற பிள்ளையும் பிள்ளைதான். வீட்டில் அடி வாங்குகிறவன், எங்கோ இன்னொருவனிடம் சிறுமைப்படுகிறவன் அதை இங்கே இறக்கி வைக்கலாம். 'உங்க பையன் இப்படிப் பண்றான்' என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், 'என் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல' என்று பாய்வதும் தவறு. வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டை உருவுவதும் தவறு. பலம் உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அந்த பெல்ட் மறுபடியும் நடத்துகிறது. செய்ததற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்ததைச் சரிசெய்ய வேண்டும்.

யாரிடம் சொல்வது?

- பள்ளித் தலைமை ஆசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் உறுப்பினர் யார் என்று கேட்டு வையுங்கள்.
- நடவடிக்கை இல்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.
- 1098 - குழந்தைகள் உதவி எண். பிள்ளைகள் தாங்களே அழைக்கலாம்.
- 14417 - தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம்.
- 14416 - 'டெலி-மானஸ்' மனநல ஆலோசனை. பிள்ளை மிகவும் சோர்ந்திருந்தால், 'செத்துப் போயிடலாம் போல இருக்கு' என்பது போன்ற பேச்சு வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அழையுங்கள்.

இந்த எண்களை உங்கள் மொபைலில் சேமிப்பதோடு நிறுத்த வேண்டாம். வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் எழுதிக் கொடுங்கள்.